முத்துலட்சுமி எப்படி முத்து ஆனாள்? சிறு அலுவலகக் கோப்புகளின் கதை

இந்த வாரம் மாயாறு பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த முறை. நடுவில் ஒரு வேலை வந்துவிட்டது.

என்னிடம் பிளஸ் டூவில் கணக்குப் படித்த பிள்ளை ஒருவர் இப்போது ஒரு சிறிய சேமிப்புச் சங்கத்தின் அலுவலகத்தில் இருக்கிறார். எந்தச் சங்கம் என்பது வேண்டாம். போனில் இரண்டு கேள்வி கேட்டார். "டீச்சர், மாசாமாசம் மெம்பர் தவணையை ஏத்துறப்போ சாஃப்ட்வேர் ஒரு நிமிஷம் அப்படியே நிக்குது, புது கம்ப்யூட்டர் வாங்கிடலாமா?" என்பது ஒன்று. "பழைய ஃபாக்ஸ்ப்ரோ ஃபைலை எல்லாம் புதுசுக்கு மாத்தப் போறோம், எந்த ஃபார்மட்ல வெச்சா நல்லது?" என்பது இரண்டாவது.

இரண்டாவது கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. ஏனென்றால் அதே சங்கத்தில் சில வருடங்களுக்கு முன் ஒருமுறை இப்படி மாற்றினார்கள். மாற்றிக் கொடுத்தவர் அரைநாளில் வேலையை முடித்துப் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு பார்த்தால் பாதிப் பேருடைய பெயர் பாதியாக இருந்தது. ஒரு பாட்டியின் வைப்புத்தொகை முதிர்ந்து, கணினியில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்று மாதக்கணக்கில் நின்றது. மூட்டை கட்டிப் பரணில் போட்டிருந்த பழைய பேரேட்டைத் தேடி எடுத்த பிறகுதான் பணம் கைக்கு வந்தது. பேரேட்டைக் கரையான் தின்றிருந்தால்? ஆகவே இது கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம் என்று யாரும் தாண்டிப் போய்விட வேண்டாம்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. கலிபோர்னியாவில் விண்கலங்களை வடிவமைக்கும் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியில் வேலை பார்த்தவர் வெய்ன் ராட்லிஃப். அலுவலகத்தில் கால்பந்துப் போட்டிகளுக்குப் பந்தயம் கட்டுவார்கள். புள்ளிவிவரங்களை ஒழுங்காக வைத்துக்கொண்டால் ஜெயிக்கலாமே என்று 1978 வாக்கில் தன் வீட்டுக் கணினியில் ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். அதற்கு வல்கன் என்று பெயர் வைத்தார். ஆய்வகத்தின் பெரிய கணினியில் ஓடிய ஜேபிஎல்டிஸ் என்ற நிரல்தான் அதற்கு முன்மாதிரி. பிறகு ஜார்ஜ் டேட் என்பவர் அதை வாங்கி, டிபேஸ் 2 என்று பெயர் மாற்றி விற்றார். டிபேஸ் 1 என்று ஒன்று கிடையவே கிடையாது; 2 என்றால் மேம்படுத்தியது போலத் தோன்றும் என்ற வியாபாரத் தந்திரம். கம்பெனியின் பெயர் ஆஷ்டன்-டேட். ஆஷ்டன் என்றும் யாரும் கிடையாது!

1984-ல் டிபேஸ் 3 வந்தது. நம் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்கள் எல்லாம் கம்ப்யூட்டர் சென்டர்களாக மாறி, "வேர்டுஸ்டார், லோட்டஸ், டிபேஸ்" என்று போர்டு மாட்டிய காலம் உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே கற்றுக்கொண்டு வந்த பிள்ளைகள்தான் சங்கங்களுக்கும் மண்டிகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் முதன்முதலில் நிரல் எழுதிக் கொடுத்தவர்கள்.

அந்த டிபிஎஃப் கோப்பின் உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நம் வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் தலைப்பு: கடைசியாக எழுதிய தேதி, மொத்தம் எத்தனை பேர், ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் என்ன, அகலம் எவ்வளவு. இந்தத் தலைப்புக்கு 32 பைட், பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் 32 பைட், முடிவில் ஒரு பைட். அதன்பிறகு ஆள் ஆளாக வரிசை. எல்லா வரிகளும் ஒரே நீளம். பெயருக்கு 20 இடம் என்றால், 'மணி' என்ற ஆளுக்கும் 20 இடம்தான். மீதி வெற்றிடமாகக் கிடக்கும்.

இது வீண் என்று தோன்றும். வேகத்தின் ரகசியமே அதில்தான் இருக்கிறது. 12 கட்டங்கள், ஒரு வரிக்கு 120 பைட் என்று வைப்போம். தலைப்பு 32 + 384 + 1 = 417 பைட். 1500-ஆவது உறுப்பினர் எங்கே இருக்கிறார்? 1499-ஐ 120-ஆல் பெருக்கி 417-ஐக் கூட்டுங்கள்: 180297. கணினி நடுவில் இருக்கும் யாரையும் படிக்காமல் நேரே அந்த இடத்துக்குப் போய்விடும். ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். மெதுவான அந்தக் காலத்து இயந்திரத்திலும் அது ஓடியதற்குக் காரணம் இந்த ஆறாம் வகுப்புக் கணக்குதான்.

பெயரை வைத்துத் தேடினால்? அதற்கு இண்டெக்ஸ் என்று தனிக் கோப்பு. அகராதியில் நாம் சொல் தேடுவது போல. 4000 பேரை முதலிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்தால் சராசரியாக 2000 பேரைப் பார்க்க வேண்டும். அகரவரிசையில் இருந்தால் பாதி, பாதியில் பாதி என்று 12 தடவையில் ஆளைப் பிடித்துவிடலாம். (2-இன் 12-ஆம் அடுக்கு 4096. பத்தாம் வகுப்பில் இதற்கு என்ன பயன் என்று கேட்ட பிள்ளைகளுக்கு இந்த வரி.)

எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் அழிப்பது. டிபிஎஃப் கோப்பில் ஒவ்வொரு வரியின் முதல் இடமும் காலியாக இருக்கும். ஒருவரை நீக்கினால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். ஆள் அங்கேயே இருப்பார். பதிவேட்டில் டி.சி. வாங்கிப் போன பையனின் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு போடுகிறோமே, அதேதான். 'பேக்' என்ற கட்டளை கொடுத்தால்தான் உண்மையில் வெளியேற்றும். இதனால் தவறி அழித்த எத்தனையோ கணக்குகள் திரும்பக் கிடைத்திருக்கின்றன.

அதன் குறை மின்சாரம். புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது வரியைக் கடைசியில் எழுத வேண்டும், தலைப்பில் உள்ள எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால் எண்ணிக்கை ஒன்று சொல்லும், வரிகள் வேறு சொல்லும். இண்டெக்ஸ் மூன்றாவதாக ஒன்று சொல்லும். பைக்காரா தண்ணீரில் 1932-லிருந்து சிங்காராவில் மின்சாரம் எடுக்கிறார்கள்; பவர் ஹவுஸ் நமக்குக் கூப்பிடு தூரம். ஆனாலும் காற்றடித்து ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் மசினகுடி இருட்டுதான். விளக்கடியில் இருட்டு என்பதை நம் ஊரை வைத்துத்தான் சொல்லியிருப்பார்களோ என்னவோ. யுபிஎஸ் வாங்க வசதியில்லாத அலுவலகங்களில் காலையில் வந்ததும் முதல் வேலை இண்டெக்ஸைத் திரும்பக் கட்டுவது.

டிபேஸ் கம்பெனி என்ன ஆயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே கோப்பை இன்னும் வேகமாகப் படிக்கும் ஃபாக்ஸ்பேஸ் என்ற நிரலை ஃபாக்ஸ் என்ற கம்பெனி விற்றது. ஆஷ்டன்-டேட் 1988-ல் வழக்குப் போட்டது. ஆய்வகத்து நிரலிலிருந்து எடுத்ததைச் சொல்லாமல் மறைத்துக் காப்புரிமை வாங்கியிருக்கிறீர்கள், அது செல்லாது என்று 1990-ல் நீதிபதி சொன்னார். அடுத்த வருடமே அவரே அந்தத் தீர்ப்பை மாற்றிக்கொண்டார். 1991-ல் ஆஷ்டன்-டேட்டை போர்லாண்ட் வாங்கியது, வழக்கும் கைவிடப்பட்டது. 1992-ல் ஃபாக்ஸை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2007-ல் இனிப் புதிய ஃபாக்ஸ்ப்ரோ வராது என்று அறிவித்தது. கம்பெனிகள் போயின, கோப்பு மட்டும் நின்றது. உள்ளமைப்பு எல்லோருக்கும் தெரியும் என்பதால் இன்றைக்கும் லிப்ரே ஆபீஸில் ஒரு டிபிஎஃப் கோப்பை இழுத்துப் போட்டால் திறக்கும்.

அதைவிட ஆச்சரியம் ஒன்று. நிலவரைபடங்களைக் கணினியில் வைக்க உலகெங்கும் பயன்படும் ஷேப்ஃபைல் என்ற முறையில், கோட்டுப் படம் ஒரு கோப்பிலும் அந்தக் கோட்டுக்குரிய விவரங்கள் ஒரு டிபிஎஃப் கோப்பிலும் இருக்கும். நம் சீகூர் யானை வழித்தடம் பற்றி 2010 அரசு அறிவிப்பிலிருந்து 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் ஊரே வரைபடமும் சர்வே எண்ணுமாகப் பேசியது நினைவிருக்கும். இந்த மாதிரி வரைபட வேலை செய்யும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் மென்பொருள் ஏன் கட்டத்தின் பெயரை 10 எழுத்துக்கு மேல் வைக்க விடுவதில்லை என்பதற்குக் காரணம் ராட்லிஃப் காலத்து அளவுதான்.

இனி தமிழுக்கு வருவோம். பாட்டியின் பெயர் இங்கேதான் மாட்டுகிறது.

டிபேஸுக்குத் தமிழ் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு எழுத்துக்கு ஒரு பைட், மொத்தம் 256 குறிகள். இந்திய மொழிகளுக்காக இஸ்கி என்ற குறியீட்டு முறையை 1991-ல் இந்தியத் தர நிர்ணயமாக ஆக்கினார்கள். புனேயில் உள்ள சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டையைக் கணினிக்குள் செருகினால் டாஸிலேயே இந்திய எழுத்து தெரியும். ஆனால் சிறு அலுவலகத்தில் யார் அட்டை வாங்குவது? விண்டோஸ் வந்ததும் எல்லோரும் பிடித்துக்கொண்ட குறுக்குவழி எழுத்துரு. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்துவிடுவது. இலங்கையில் பாமினி, நம் அரசு அலுவலகங்களில் வானவில், பத்திரிகைக்கு ஒன்று, டிடிபி சென்டருக்கு ஒன்று.

பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரியும். கோப்புக்குள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மா இருக்க மாட்டாள். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்தக் கால நிரலர்களுக்குப் பெயர்களை எல்லாம் பெரிய எழுத்தாக மாற்றிவிடும் பழக்கம். ஆங்கிலப் பெயருக்கு அது சரி. பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. சின்ன கே 'ம', பெரிய கே 'மு'. ஒரே கட்டளையில் அம்மா 'ஆமு' என்று ஆரம்பித்துவிடுவாள்.

இந்தக் குழப்பத்தை முடிக்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த டேப், தமிழ் மட்டும் உள்ள டாம் என்ற இரண்டு முறைகளையும் ஒரு விசைப்பலகையையும் அரசு அறிவித்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் குழுக்களில் பேசிப் பேசி உருவாக்கிய டிஸ்கி என்ற இன்னொரு முறையும் இருந்தது. மதுரைத் திட்டம் ஒரு காலத்தில் நூல்களை அதில் வெளியிட்டது. விசைப்பலகை நிலைத்தது. குறியீடுகள் நிலைக்கவில்லை. 1991-லிருந்தே ஒருங்குறி வளர்ந்துகொண்டிருந்தது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது ஒருங்குறியையும், அது வேலை செய்யாத இடங்களுக்கு டேஸ் 16 என்ற முறையையும் தரமாக அறிவித்து அரசாணை வந்தது.

இப்போது ஒரு கணக்கு. முத்துலட்சுமி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது 7 எழுத்து. டிஸ்கியில் 8 பைட். ஒருங்குறியில் மெய்க்குப் புள்ளி தனி, உகரக் கொக்கி தனி, இகரக் கொம்பு தனி; ஆக 13 குறிகள். யூடிஎஃப் 8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 13 பெருக்கல் 3, 39 பைட்.

பழைய கட்டத்தின் அகலம் 20. பழைய முறையில் 8 பைட் தாராளமாக உட்கார்ந்திருந்தது. மாற்றியவர் கட்டத்தின் அகலத்தை மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றினார். 20 பைட்டில் 6 குறிகள் போகும், 2 பைட் மிச்சம். முதல் 6 குறிகள் என்ன? ம, உகரக் கொக்கி, த, புள்ளி, த, உகரக் கொக்கி. முத்து! மிச்சமுள்ள 2 பைட்டுக்குக் கருப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. லட்சுமி போயே போய்விட்டாள். 'மணி' என்று சின்னப் பெயர் வைத்தவர்கள் தப்பித்தார்கள், அதனால்தான் உடனே யாருக்கும் தெரியவில்லை. சரிபார்க்கிறேன் என்று முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள்.

தமிழுக்கு இடம் அதிகம் பிடிக்கிறது என்பதுதான் டேஸ் 16 வேண்டும் என்றவர்களின் வாதங்களில் ஒன்று. அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண். முத்துலட்சுமி 14 பைட்டில் முடிந்துவிடுவாள். 360 கிலோபைட் ஃப்ளாப்பி காலமாக இருந்தால் நான் கை தூக்கி அவர்கள் பக்கம் நின்றிருப்பேன். இன்று 4000 பெயருக்கு 39 பைட் என்றாலும் 156 கிலோபைட்தான். பேரன் காலையில் அனுப்பும் குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிது. உலகத்தில் எல்லா நிரலும் படிக்கிற ஒருங்குறியே போதும் என்பது என் முடிவு.

சரி, எதில் வைப்பது? என் பதில் எஸ்கியூலைட். அதன் பிறப்பும் நல்ல கதை. ரிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். தரவுகளை வைத்திருக்கும் சர்வர் நின்றுவிட்டால் இவருடைய நிரலும் படுத்துவிடும், திட்டு இவருக்கு. சர்வரே இல்லாமல் ஒரு கோப்பை நேரே படித்தால் என்ன என்று யோசித்து 2000-ல் எஸ்கியூலைட்டை வெளியிட்டார். காப்புரிமை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, பொதுச் சொத்து. உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியில் வாட்ஸ்அப் உரையாடல்கள் இருப்பதும் இதில்தான். 2050 வரை பராமரிப்போம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நீண்டகாலம் பாதுகாக்க ஏற்ற வடிவங்களில் ஒன்று என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் பரிந்துரைக்கிறது.

நமக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, பெயர்க் கட்டத்துக்கு 20 என்று போட்டாலும் அது வெட்டாது. எவ்வளவு நீளமோ அப்படியே வைக்கும். இரண்டு, கரண்ட். எதையும் மாற்றும் முன் பழைய பக்கத்தை ஜர்னல் என்ற துணைக் கோப்பில் நகல் எடுத்துவைக்கும். நடுவில் மின்சாரம் போனால் அடுத்த முறை திறக்கும்போது அந்த நகலை வைத்துப் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஒரு வேலை முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் நடக்கவே நடக்காது. மசினகுடிக்காகச் செய்தது போல இருக்கிறது.

புது கம்ப்யூட்டர் கேள்விக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சங்கத்துத் தவணை நிரல் ஏற்கெனவே எஸ்கியூலைட்தான். 3000 வரிகளை ஒவ்வொன்றாக எழுதி ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்துகிறது. எழுதியது வட்டில் உண்மையிலேயே விழுந்துவிட்டதா என்று உறுதிசெய்யாமல் எஸ்கியூலைட் அடுத்ததற்குப் போகாது. அவர்களிடம் இருப்பது நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் வட்டு. அதாவது விநாடிக்கு 120 சுற்று. ஒரு முத்திரைக்கு இரண்டு சுற்று காத்திருந்தால் விநாடிக்கு 60. 3000-ஐ 60-ஆல் வகுத்தால் 50 விநாடி. அவர் சொன்ன ஒரு நிமிடம் வந்துவிட்டதா? ஆரம்பத்தில் 'பிகின்', கடைசியில் 'கமிட்' என்று இரண்டு வரி சேர்த்து, 3000-க்கும் சேர்த்து ஒரே முத்திரை குத்தச் சொன்னேன். இப்போது நிற்பதே இல்லையாம். புதுக் கணினிக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு நல்ல யுபிஎஸ் வாங்கிக்கொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கை. நாலைந்து கணினிகள் நெட்வொர்க்கில் இருந்துகொண்டு ஒரே எஸ்கியூலைட் கோப்பில் ஒரே நேரம் எழுதுவது ஆகாது. அப்படி வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸ் மாதிரி சர்வர் உள்ளதுக்குத்தான் போக வேண்டும்.

"எக்செல் போதாதா டீச்சர்?" என்று எப்படியும் கேட்பீர்கள். சீட்டுப் பணம் எழுதப் போதும். உறுப்பினர் கணக்குக்கு வேண்டாம். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகத் தட்டினால் 15 இலக்கம்தான் அதற்கு நினைவிருக்கும். கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். 2020-ல் இங்கிலாந்தில் கொரோனா தொற்றுப் பட்டியலைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றினார்கள். அதில் 65536 வரிகளுக்கு மேல் இடம் கிடையாது. 15841 பேருடைய விவரம் வரவேண்டிய நேரத்தில் பட்டியலில் வராமல் போனது. அவ்வளவு பேருடன் தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தள்ளிப்போனது.

எஸ்கியூலைட்டிலும் தமிழுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அகரவரிசை. அது பைட் எண்ணைப் பார்த்துத்தான் அடுக்கும். ஒருங்குறியில் ன, ற, ல என்ற வரிசையில் எண் கொடுத்திருக்கிறார்கள். நம் வரிசையில் ல முதலில், பிறகு ற, கடைசியில் ன. மல்லிகா, மறைமலை, மனோகரன் என்று வர வேண்டிய வருகைப் பதிவேடு மனோகரன், மறைமலை, மல்லிகா என்று தலைகீழாக வரும். கண்ணனுக்கு முன்னால் கணேசன் வந்து நிற்பான். ஐசியூ என்ற துணை நிரலைச் சேர்த்தால் சரியாகும். அது முடியாவிட்டால் வரிசைக்கென்று தனிக் கட்டம் ஒன்று வைத்து, அதில் தமிழ் வரிசைப்படி எண் போட்டுக்கொள்ளலாம்.

மாற்றும் வேலையில் இருப்பவர்களுக்கு: மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். முடிந்ததும் முதல் பக்கத்தைப் பார்க்காதீர்கள். பெயர்களை நீளவாரியாக அடுக்கி, மிக நீளமான 50 பெயரைப் பேரேட்டோடு ஒப்பிடுங்கள். மொத்த வரிகளையும் மொத்த இருப்புத் தொகையையும் இரண்டு பக்கமும் கூட்டிப் பாருங்கள். பேரேட்டைத் திரும்பப் பரணில் போடாமல் தகரப் பெட்டியில் வையுங்கள்.

உங்களில் யாரிடமாவது பழைய டிபிஎஃப் கோப்பு இருந்து தமிழ் புரியாமல் கிடந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள்; ஓய்வுபெற்ற எனக்குப் பொழுதும் போகும். எந்த எழுத்துருவில் தட்டியது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அதே காலத்தில் அச்செடுத்த ரசீது ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.